குருசடைத் தீவின் மாணவர்

நுழையும்முன்

முனைவர் பட்டத்தை நாடுவோர் பலர் எந்தப் பல்கலைக்கழகம் புகழ்பெற்றது என்றே முதலில் வினவுகின்றனர். எந்தக் கேள்விக்கு விடை வேண்டும், அக்கேள்வியோடு வாழ்நாளைக் கழிப்பவர் யார், அவர் எங்கிருக்கிறார் என்று வினவுவோர் சிலரே. அச்சிலருள் ஒருவர் இந்தியப் பாசியியலின் தந்தை எனப் போற்றப்படும் பார்த்தசாரதி ஐயங்கார். கல்லூரிப் பேராசிரியராகப் பெயர்பெற்ற பின்னர், நாற்பது வயதைக் கடந்த நிலையில், அவர் மீண்டும் மாணவரானார். அவரது வாழ்வையும் தேர்வையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கடல் வற்றும் வேளை

இராமநாதபுரம் கரையில் இரு கடல்கள் சந்திக்கின்றன. வடக்கே பாக் நீரிணை. தெற்கே மன்னார் வளைகுடா. அலை அடங்கிய முன்னதைப் பெண்கடல் என்றும், சீறும் பின்னதை ஆண்கடல் என்றும் அப்பகுதி மக்கள் வழங்குவர். இரண்டுக்கும் இடையே பாம்பன் கால்வாய் ஓடுகிறது. 1914ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின்னர், சென்னையில் ஏறிய பயணி மண்டபத்தில் இறங்காமலே கடலைக் கடந்து இராமேசுவரம் தீவை அடைய முடிந்தது. இலங்கைக்குச் செல்வோர் தனுஷ்கோடி வரை தொடர்வண்டியில் சென்று, அங்கிருந்து கப்பலேறித் தலைமன்னார் சேர்ந்தனர்.

பாம்பனுக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாவில், படகில் சென்று சேரும் தொலைவில் சிறியதொரு தீவு உள்ளது. அதன் பெயர் குருசடை. பவளப்பாறைகள் சூழ்ந்த அத்தீவின் ஓரங்களில் கடல் வற்றும் வேளையில் வேறோர் உலகம் வெளிப்படும். பாறையிடுக்குகளில் பச்சை, பழுப்பு, சிவப்பு எனப் பல நிறங்களில் பாசிகள் படர்ந்திருக்கும். முதுகெலும்பற்ற உயிரிகளுக்கும் முதுகெலும்புள்ள உயிரிகளுக்கும் இடைப்பட்ட இயல்புகளைக் கொண்ட பலனோகிளாசஸ் என்னும் புழு வகை அதன் மணலில் வாழ்கிறது. உயிரியல் அறிஞர்கள் இத்தீவைத் தம் துறையின் சொர்க்கம் எனப் போற்றியதில் வியப்பில்லை.

இக்கரையின் மக்களுக்குப் பாசிகள் புதியவை அல்ல. கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப்பாசி, கட்டக்கோரை எனத் தோற்றத்தையும் பயனையும் கொண்டு அவற்றுக்குப் பெயரிட்டு அறிந்திருந்தனர். ஆனால் அவை எவ்வாறு இனம்பெருக்குகின்றன, எதனோடு எது உறவுடையது, உலகின் பிற கடல்களில் அவற்றின் இனத்தவை உண்டா என்னும் கேள்விகளுக்கு விடை தேடும் பணி அப்போதுதான் தொடங்கியிருந்தது. சென்னையிலிருந்து அப்பணிக்கு வந்தவருள் ஒருவரே பார்த்தசாரதி ஐயங்கார்.

இளமையும் பணியும்

பார்த்தசாரதி ஐயங்கார் 1886ஆம் ஆண்டு திசம்பர் 15ஆம் நாள் சென்னையில் பிறந்தார். மாநிலக் கல்லூரியில் பயின்று 1906இல் இளங்கலைப் பட்டமும் 1909இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். நீலகிரி, பழனி மலைகளின் தாவரங்களை ஆராய்ந்து நூல் எழுதிய ஃபைசன் அக்காலத்தில் அக்கல்லூரியின் தாவரவியல் பேராசிரியராக இருந்தார். பூக்கும் தாவரங்களைத் திரட்டிப் பெயரிடுவதே அன்றைய இந்தியத் தாவரவியலின் பெரும்பணியாக விளங்கியது. பூவும் விதையும் இல்லாத பாசிகளின் பக்கம் திரும்பியவர் மிகச்சிலர்.

பட்டம் பெற்றபின் பார்த்தசாரதி சென்னை அரசு அருங்காட்சியகத்தில் பணியாற்றினார். பின்னர்ச் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் விரிவுரையாளரானார். அதன்பின் தாம் பயின்ற மாநிலக் கல்லூரிக்கே பேராசிரியராகத் திரும்பினார். அருங்காட்சியகம் அவருக்குப் பொருள்களைத் திரட்டிப் பேணும் ஒழுங்கைத் தந்தது. ஆசிரியர் கல்லூரி கற்பிக்கும் முறையைத் தந்தது. இவ்விரண்டும் பின்னாளில் அவர் உருவாக்கிய ஆய்வு மரபின் இரு தூண்களாயின.

சென்னையைச் சுற்றியுள்ள குளங்களும் ஏரிகளும் வயல்களும் அவருக்கு ஆய்வுக்கூடங்களாயின. மழைக்காலத்தில் தேங்கும் நீரைக் கண்ணாடிக் குப்பியில் முகந்துவந்து நுண்ணோக்கியில் வைத்தால், வெறுங்கண்ணுக்குப் பச்சை நிறமாக மட்டுமே தெரிந்த நீரில் ஆயிரம் வடிவங்கள் தோன்றும். அவற்றுள் அவரைப் பெரிதும் ஈர்த்தவை வால்வாக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த பாசிகள். அவ்வரிசையில் கிளாமிடோமோனாஸ் ஒரே செல்லால் ஆனது. பண்டோரினா பெரும்பாலும் பதினாறு செல்களின் கூட்டம். யூடோரினாவில் பெரும்பாலும் முப்பத்திரண்டு. வால்வாக்ஸிலோ சில நூறு முதல் பல்லாயிரம் வரையிலான செல்கள் ஓர் உருண்டையாகத் திரண்டு, ஒன்றாகச் சுழன்று நீந்துகின்றன. தனித்து வாழ்ந்த செல்கள் கூடி வாழக் கற்றது எவ்வாறு என்னும் பெருங்கேள்வியை ஒரு துளிக் குளத்துநீர் எழுப்பியது.

நான்கு பக்கப் பட்டியல்

1920களில் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர் கிரேவ்லி. அவரது முயற்சியால் குருசடைத் தீவின் உயிரினங்கள் முறையாகத் திரட்டப்பட்டன. அதன் விளைவாக அத்தீவின் கரைவாழ் உயிரினங்களைப் பற்றிய பெருந்தொகுதி ஒன்றை 1927இல் அருங்காட்சியகம் வெளியிட்டது. கடற்பஞ்சு முதல் நண்டு வரை ஒவ்வோர் உயிரினத் தொகுதியையும் அத்துறை அறிந்தவர் எழுதினர். தீவின் தாவரங்களைப் பற்றி எழுதும் பொறுப்பு பார்த்தசாரதியைச் சேர்ந்தது.

அவர் எழுதிய பகுதி நான்கு பக்கங்களே கொண்டது. அச்சிறு பட்டியலின் பின்னால் இருந்த தடை பெரியது. ஒரு கடற்பாசியைக் கையில் எடுத்து அது புதியது என்றோ, முன்பே அறியப்பட்டது என்றோ உறுதியாகக் கூறவேண்டுமானால், உலகில் அதுவரை விளக்கப்பட்ட அதன் உறவினங்கள் அனைத்தோடும் ஒப்பிட வேண்டும். முதன்முதலில் பெயரிடப்பட்டபோது பயன்படுத்திய மூல மாதிரிகள் பெரும்பாலும் இலண்டன், பாரிசு போன்ற நகரங்களின் உலர்தாவரத் தொகுப்புகளில் இருந்தன. அவற்றை விளக்கிய நூல்களும் இதழ்களும் இலத்தீன், செருமன், பிரெஞ்சு மொழிகளில் சிதறிக் கிடந்தன. பாசிகள் இங்கே இருந்தன. அவற்றை அறிவதற்கான கருவிகள் கடலுக்கு அப்பால் இருந்தன. மன்னார் வளைகுடாவின் கரையில் பிறந்த கேள்வி, அக்கரையை விட்டுச் செல்லுமாறு அவரைத் தூண்டியது எனலாம்.

பட்டமும் அதன் பொருளும்

முனைவர் பட்டம் அக்காலத்தில் இன்றுபோல் பரவலானதன்று. ஆய்வேட்டின் அடிப்படையில் அப்பட்டத்தை வழங்கும் முறை செருமானியப் பல்கலைக்கழகங்களில் வளர்ந்தது. அமெரிக்கா அதனைப் பின்பற்றியது. இங்கிலாந்தில் முதன்முதலாக ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் 1917இல்தான் அதனை ஏற்றது. அதன் பின்னரே இலண்டன் முதலிய பிற பல்கலைக்கழகங்கள் அவ்வழியில் வந்தன. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தோன்றியதாயினும், நெடுங்காலம் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே இயங்கியது. தாவரவியலுக்கெனத் தனி ஆய்வுக்கூடம் அதற்கு அப்போது இல்லை.

முதுகலை வரையிலான தேர்வுகள், ஒருவர் பிறர் கண்டறிந்ததை எவ்வளவு கற்றிருக்கிறார் என்பதை அளக்கின்றன. முனைவர் பட்டமோ அவர் தாமே கண்டறிந்தது என்ன என்று வினவுகிறது. மாணவர் ஒரு கேள்வியை வரையறுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்தில் பதிவு செய்கிறார்; நெறியாளர் ஒருவரின் மேற்பார்வையில் ஆய்வு செய்கிறார்; கண்டவற்றை ஆய்வேடாக எழுதுகிறார்; அத்துறை வல்லுநர்முன் வாய்மொழித் தேர்வில் அதனை நிலைநாட்டுகிறார். எனவே எங்குப் படிப்பது என்பதைவிட, எதை ஆராய்வது, யாரிடம் ஆராய்வது என்பவையே இப்பட்டத்திற்கு அடிப்படையாகின்றன.

அதே தலைமுறையைச் சேர்ந்த மற்றொருவரின் பாதை இதனைத் தெளிவாக்கும். மாநிலக் கல்லூரியில் 1921இல் தாவரவியலில் சிறப்புப் பட்டம் பெற்ற ஜானகி அம்மாள், சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் கற்பித்துவந்தார். அவரது நாட்டம் செல்லின் உள்ளே உள்ள குரோமோசோம்களின்பால் சென்றது. கீழை நாட்டுப் பெண்களுக்கென மிச்சிகன் பல்கலைக்கழகம் வழங்கிய பார்பர் உதவித்தொகையைப் பெற்று அமெரிக்கா சென்ற அவர், 1931இல் அங்கேயே ஆய்வுப் பட்டம் பெற்றார். ஒரே நகரில் தாவரவியல் கற்பித்த இருவர், ஏறத்தாழ ஒரே காலத்தில், உலகின் இரு வேறு திசைகளுக்குச் சென்றனர். அவரவர் கேள்வி வேறாக இருந்தது. ஆகவே அவரவர் சென்று சேர்ந்த இடமும் வேறாயிற்று.

நெறியாளரைத் தேர்தல்

பார்த்தசாரதி சென்று சேர்ந்த நெறியாளர் ஃபெலிக்ஸ் யூஜின் ஃபிரிட்ச். இலண்டனில் 1879இல் பிறந்த அவரும் தம் முனைவர் பட்டத்திற்காகக் கடல் கடந்தவர்தாம்; செருமனியின் மியூனிக் நகரில் அதனைப் பெற்றார். அவர் பணியாற்றிய கல்லூரி இலண்டனின் கிழக்குப் பகுதியில், மைல் எண்ட் சாலையில் அமைந்திருந்தது. கிழக்கு இலண்டன் கல்லூரி என்று வழங்கிய அது, 1934 முதல் குவீன் மேரி கல்லூரி எனப் பெயர்பெற்றது. இங்கிலாந்தின் தொன்மையான பல்கலைக்கழகங்களான ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்சு ஆகியவற்றின் பழம்பெருமை அதற்கு இல்லை. உழைக்கும் மக்கள் நிறைந்த பகுதியில் எழுந்த புதிய கல்லூரி அது. ஆயினும் நன்னீர்ப் பாசிகளைப் பற்றி அறிய விரும்பியவர்க்கு அதைவிடச் சிறந்த இடம் அன்று அரிது.

ஃபிரிட்சின் தகுதி மூன்று வகைகளில் பார்த்தசாரதியின் தேவையோடு பொருந்தியது. முதலாவது, வெப்பமண்டலப் பாசிகளை அவர் நேரில் கண்டவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்து அத்தீவின் நன்னீர்ப் பாசிகளைத் திரட்டி ஆராய்ந்து, 1907இல் அவற்றைப் பற்றி எழுதினார். இராமநாதபுரம் கரையிலிருந்து ஒரு சிறு கப்பல் பயணத்தில் சென்றடையும் நாடு அது. தென்னிந்தியக் குளமும் இலங்கைக் குளமும் ஒரே வெயிலில் காய்ந்து ஒரே மழையில் நிறைபவை. இங்குள்ள பாசிகளின் இயல்பை விளக்கினால் புரிந்துகொள்ளக்கூடிய ஓர் ஐரோப்பிய அறிஞர் அவர்.

இரண்டாவது, பாசிகளைப் பற்றிய அறிவை ஒருங்கு திரட்டும் ஆற்றல் உடையவர். பிரித்தானிய நன்னீர்ப் பாசிகளைப் பற்றி வெஸ்ட் எழுதிய நூலைத் திருத்தி விரித்து 1927இல் வெளியிட்டவர் அவரே. பின்னர் 1935, 1945 ஆகிய ஆண்டுகளில் இரு பெருந்தொகுதிகளாக அவர் எழுதிய பாசிகளின் அமைப்பும் இனப்பெருக்கமும் பற்றிய நூல், உலகெங்கும் பாசியியல் மாணவர்க்கு அடிப்படை நூலாயிற்று.

மூன்றாவது காரணம் எல்லாவற்றினும் ஆழமானது. ஃபிரிட்சிடம் ஒரு கேள்வி இருந்தது. நிலத்தில் வாழும் தாவரங்கள் அனைத்தும் நீரில் வாழ்ந்த பாசிகளிலிருந்தே தோன்றின என்பது அறிவியலார் முடிவு. அவ்வாறாயின், எத்தகைய பாசி முதலில் கரையேறியது? 1916இல் வெளியிட்ட கட்டுரையிலேயே அவர் இதனை ஆராய்ந்தார். தரையில் படரும் இழைகளும் மேல்நோக்கி எழும் இழைகளும் ஆகிய இருவகை இழைகளைக் கொண்ட பச்சைப் பாசிகளின்மேல் அவர் கருத்துச் சென்றது. படரும் பகுதி பற்றுக்கோடாகவும், எழும் பகுதி தண்டாகவும் வளர்ந்திருக்கக்கூடும் அன்றோ? கருத்து இருந்தது; அதற்கு வலுச்சேர்க்கும் உயிருள்ள சான்று வேண்டியிருந்தது.

கேள்வியுடைய நெறியாளரிடம், சான்றுகள் நிறைந்த நிலத்திலிருந்து ஒரு மாணவர் சென்றார். இருவருக்கும் இடையே வயதில் ஏழாண்டுகளே வேறுபாடு.

மீண்டும் மாணவர்

1930ஆம் ஆண்டு பார்த்தசாரதி இங்கிலாந்து சென்றார். அப்போது அவருக்கு வயது நாற்பத்து மூன்றைக் கடந்திருந்தது. மாநிலக் கல்லூரியின் பேராசிரியர் என்னும் நிலையும், தம்மிடம் பயின்ற மாணவர்களின் மதிப்பும் அவருக்கு இருந்தன. பட்டம் இல்லாமலே பணி ஓய்வு வரை அவர் அங்கு மதிப்போடு வாழ்ந்திருக்கலாம். அந்நிலையை விட்டுவிட்டு, வயதில் இளைய மாணவர்கள் நடுவே ஆய்வுக்கூட மேசையில் அமர்வதற்குப் பணிவு வேண்டும். தம் அறிவின் எல்லையைத் தாமே ஒப்புக்கொள்ளும் துணிவும் வேண்டும்.

அவர் வெறுங்கையோடு செல்லவில்லை. பல ஆண்டுகள் தென்னிந்தியக் குளங்களிலும் வயல்களிலும் பெற்ற பட்டறிவு அவரோடு சென்றது. ஆய்வு மாணவர் பலர் நெறியாளர் தரும் தலைப்பை எதிர்நோக்கி நிற்பர். பார்த்தசாரதியோ நெறியாளர் காணாத உயிர்களைக் கண்டிருந்தார். இலண்டனின் நூலகங்களும் உலர்தாவரத் தொகுப்புகளும், ஃபிரிட்சின் கூர்த்த பார்வையும் அவற்றுக்குரிய இடத்தை வகுக்க உதவின. ஆய்வு நிறைவுற்று இலண்டன் பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்டம் அவருக்கு வழங்கப்பட்டது. தென்னிந்தியாவின் கூட்டுவாழ் வால்வாக்ஸ் வகைகளைப் பற்றி அவர் எழுதிய விரிவான கட்டுரை, 1933இல் இலண்டன் லின்னேயன் கழகத்தின் இதழில் வெளிவந்தது. சென்னையின் குளத்துநீர் எழுப்பிய கேள்வி உலக அறிஞர்முன் வந்து நின்றது.

ஆசிரியர் பெயர் தாங்கிய பாசி

அக்காலத்து ஆய்வுகளுள் ஒன்று அவர் பெயரை நிலைபெறச் செய்தது. மழைநீர் தேங்கி வற்றும் குட்டைகளின் ஈர வண்டலில் பச்சையாகப் படரும் சிறு பாசி ஒன்றை அவர் விரிவாக ஆராய்ந்தார். அதற்குப் பல பகுதிகள் இருந்தன. நிறமற்ற வேர் போன்ற இழைகள் மண்ணுக்குள் இறங்கின. மண்ணுக்குக் கீழே செல்கள் திரண்டு சிறு கிழங்கு போன்ற முடிச்சுகளாயின. அங்கிருந்து கிளைத்த இழைகள் மண்ணுக்கு மேலே பச்சைக் கற்றைகளாக எழுந்தன. படரும் பகுதி, எழும் பகுதி என்னும் இரண்டும் ஒரே பாசியில் இருந்தன; அதுவும் நீரை விட்டு நிலத்திற்கு வந்த பாசியில் இருந்தன. ஃபிரிட்ச் கருத்தளவில் கண்டதற்கு நெருங்கிய வடிவம் தென்னிந்திய வண்டலில் உயிரோடு வளர்ந்துகொண்டிருந்தது.

1932இல் நியூ ஃபைட்டாலஜிஸ்ட் என்னும் ஆய்விதழில் பார்த்தசாரதி அப்பாசியை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அது புதிய பேரினம் என்பதை நிறுவி, தம் நெறியாளரின் பெயரால் ஃபிரிட்சியெல்லா எனப் பெயரிட்டார். கிழங்கு போன்ற அதன் முடிச்சுகளைக் குறிக்கும் வகையில் டியூபரோசா என்பது சிற்றினப் பெயராயிற்று. நெறியாளரின் கேள்விக்குத் தம் மண்ணிலிருந்து ஒரு சான்றைக் கொண்டுவந்து, அச்சான்றுக்கே அவர் பெயரைச் சூட்டிய நன்றியுணர்வு அது. இன்றும் தாவரவியல் பயிலும் மாணவர் அப்பாசியின் படத்தை வரைந்து பகுதிகளைக் குறிக்கின்றனர்.

தெரிந்து தெளிவோம்

நிலத்தாவரங்களின் நேர் மூதாதையாக ஃபிரிட்சியெல்லா இன்று கருதப்படுவதில்லை. செல் பிரியும் முறையையும் மரபணுக்களையும் ஒப்பிட்ட பிற்கால ஆய்வுகள், காரா முதலிய வேறொரு பாசிக் கிளையே நிலத்தாவரங்களுக்கு நெருங்கிய உறவுடையது எனக் காட்டின. ஆயினும் ஒரு பாசி நில வாழ்வுக்கு ஏற்றவாறு தன் உடலை எங்ஙனம் அமைத்துக்கொள்ளக்கூடும் என்பதற்கு ஃபிரிட்சியெல்லா இன்றும் சிறந்த எடுத்துக்காட்டாக விளங்குகிறது. அறிவியலில் விடைகள் திருத்தப்படலாம். நேர்மையாகக் கண்டு பதிவுசெய்த உண்மை திருத்தத்திற்குப் பின்னும் நிலைக்கும்.

திரும்பி வந்தவர்

வெளிநாடு சென்று பட்டம் பெற்றவர்முன் இரு வழிகள் உள்ளன. பெற்ற அறிவைத் தம் பெயருக்குப் பின்னால் எழுதிக்கொள்வது ஒன்று. பின்வருவோர் அத்தனை தொலைவு செல்லவேண்டாத நிலையை உருவாக்குவது மற்றொன்று. பார்த்தசாரதி இரண்டாவதைத் தேர்ந்தார். 1933இல் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டபோது, அவர் அதன் முதல் இயக்குநரானார். 1944 வரை அப்பொறுப்பில் இருந்தார். அவருக்குப் பின் பூஞ்சையியல் அறிஞர் சதாசிவன் அதனை நடத்தினார். பின்னாளில் அது தாவரவியல் உயராய்வு மையமாக வளர்ந்தது.

அந்த ஆய்வுக்கூடத்தின் தோற்றத்தால் தமிழகத்து மாணவர் ஒருவர் பாசிகளை ஆராய விரும்பினால் கதவைத் தட்ட ஓர் இடம் இங்கேயே கிடைத்தது. ஒரு காலத்தில் இலண்டனில் ஃபிரிட்ச் இருந்த இடத்தில், இப்போது சென்னையில் பார்த்தசாரதி இருந்தார். அவரிடம் பயின்று பாசியியல் அறிஞரானவருள் தேசிகாச்சாரி தலைசிறந்தவர். நீலப்பச்சைப் பாசிகளைப் பற்றி 1959இல் தேசிகாச்சாரி வெளியிட்ட பெருநூல், உலகெங்கும் அத்துறையினர் எடுத்தாளும் நூலாயிற்று. ஆசிரியரும் மாணவருமாக இணைந்து எழுதிய வால்வாக்ஸ் வகைகள் பற்றிய நூல், ஆசிரியர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின், 1981இல் வெளிவந்தது. மறைந்த ஆசிரியரின் உழைப்பு வீணாகாமல் காத்து அச்சேற்றிய அப்பணி, நெறியாளர்க்கும் மாணவர்க்கும் இடையிலான உறவு பட்டத்தோடு முடிவதில்லை என்பதை உணர்த்துகிறது.

கடற்பாசிகளின் ஆய்வும் தொடர்ந்தது. டென்மார்க் நாட்டின் கடற்பாசி அறிஞர் பெர்கெசன் 1927, 1928 ஆகிய ஆண்டுகளில் இந்தியக் கரைகளில் பாசிகளைத் திரட்டினார். தென்னிந்தியக் கடற்பாசிகளைப் பற்றி 1937, 1938 ஆகிய ஆண்டுகளில் இந்தியத் தாவரவியல் கழக இதழில் எழுதினார். பழுப்புப் பாசிப் பேரினம் ஒன்றுக்கு அவர் ஐயங்காரியா எனப் பெயரிட்டார். தம் ஆசிரியரின் பெயரைப் பாசிக்குச் சூட்டியவரின் பெயரை மற்றொரு பாசி தாங்கியது. 1946ஆம் ஆண்டுக்குரிய சிறப்பு மலரை இந்தியத் தாவரவியல் கழகம் அவர் பெயரால் வெளியிட்டது. 1962இல் இந்தியப் பாசியியல் கழகம் தோன்றியபோது அவரே அதன் முதல் தலைவரானார். அடுத்த ஆண்டு திசம்பர் 10ஆம் நாள், எழுபத்தேழாம் பிறந்தநாளுக்கு ஐந்து நாள்களே இருக்கையில், அவர் மறைந்தார்.

கரையில் எழுந்த நிறுவனங்கள்

பார்த்தசாரதியின் வாழ்நாளிலேயே இராமநாதபுரம் கரையின் நிலை மாறத் தொடங்கியது. இரண்டாம் உலகப்போரின்போது சப்பானிலிருந்து வந்துகொண்டிருந்த அகர் என்னும் பாசிப்பொருள் தடைபட்டது. மருத்துவ ஆய்வுக்கூடங்களில் நுண்ணுயிர்களை வளர்க்க அப்பொருள் இன்றியமையாதது. அதனை இந்தியக் கடற்பாசிகளிலிருந்து எடுக்க முடியுமா என அறிவியலார் ஆராய்ந்தனர். கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப்பாசி ஆகியவற்றின் மதிப்பு அப்போது வெளிப்பட்டது. கரையோரப் பெண்கள் மூழ்கிப் பறித்துவரும் பாசிகள் தொழிலுக்குரிய மூலப்பொருளாயின. எந்தப் பாசி எது என்று ஐயமின்றிப் பிரித்தறியும் அறிவு இல்லாமல் அத்தகைய ஆய்வு ஓரடியும் நகராது. பயன் கருதாமல் தொகுத்த பட்டியல்கள் பயன் வேண்டிய காலத்தில் கைகொடுத்தன.

1947இல் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அதன் தலைமையிடம் 1949 முதல் மண்டபம் முகாமில் இயங்கியது. இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளரைத் தங்கவைத்துச் சோதித்து அனுப்பிய இடம், கடலை ஆராயும் அறிஞர்களின் இடமாக மாறியது. மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் பாசி ஆய்வு நிலையமும் பின்னர் அங்கு அமைந்தது. கடற்பாசிகளை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெறுவோர், பிற மாநிலங்களிலிருந்தும் மண்டபம் வரத் தொடங்கினர். கேள்வியோடு இக்கரையிலிருந்து வெளியே சென்ற காலம் மாறி, கேள்வியோடு இக்கரைக்கு வரும் காலம் வந்தது. குருசடை உள்ளிட்ட மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன.

பாதை காட்டும் வாழ்வு

பார்த்தசாரதியின் வாழ்வில் முனைவர் பட்டம் இடையில் வந்தது. அதற்கு முன்னரே கேள்வி வந்துவிட்டது. அதற்குப் பின்னரும் கேள்வி தொடர்ந்தது. தம் கண்முன் இருந்த குளத்தையும் கடலையும் அவர் முதலில் ஊன்றிக் கவனித்தார். தம்மால் இயன்றவரை ஆராய்ந்து, இயலாதது எது என்பதைத் தெளிவாக அறிந்தார். அந்தக் குறையை நிறைக்கத்தக்கவர் யார் என்பதை அவர் எழுதியவற்றைக்கொண்டு அறியலாம். கல்லூரியின் பழம்பெருமையைக்கொண்டு அறிய இயலாது. வயதும் பதவியும் குறுக்கே நிற்க அவர் இடந்தரவில்லை. பெற்றதைக் கொண்டு திரும்பி வந்து, பிறர்க்கு வழியமைத்தார்.

குருசடைத் தீவின் ஓரத்தில் இன்றும் நாள்தோறும் கடல் வற்றுகிறது. பாறைகளின்மேல் பாசிகள் வெளிப்படுகின்றன. பெயரிடப்பட்டவை பல, இன்னும் முழுமையாக அறியப்படாதவையும் உண்டு. குனிந்து நோக்கும் கண்களுக்காக அவை காத்திருக்கின்றன.